‘இன்காக்னிட்டோ’: ஒரு சொல்லின் வரலாறும் தமிழாக்கமும்

ஐரோப்பிய அரசர் வரலாறுகளைப் பயில்வோர் ‘இன்காக்னிட்டோ’ என்னும் ஆங்கிலச் சொல்லை அடிக்கடி எதிர்கொள்வர். ஓர் அரசர் தம் அரசப் பெயரையும் சிறப்பையும் விடுத்து அயல்நாடு செல்லும்பொழுது அவர் ‘இன்காக்னிட்டோ’வாகச் சென்றார் என ஆங்கில நூலோர் எழுதுவர். இச்சொல்லைத் தமிழில் பெயர்ப்போர் பெரும்பாலும் ‘மாறுவேடத்தில்’ என்று எழுதிவிடுகின்றனர். முதற்பார்வையில் இதிற் குற்றம் ஏதும் தோன்றாது. ஆயின், அம்மொழிபெயர்ப்பைக் கொண்டு மூல நிகழ்ச்சிகளைப் படிக்கப் புகுந்தால், பல இடங்களில் பொருள் முரண்படுகிறது. சில இடங்களில் வரலாறே விளங்காமற் போகிறது. இச்சொல்லின் பிறப்பு, அது வழங்கிய சூழல், அதற்குத் தமிழில் அமைய வேண்டிய சொல் ஆகியவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லின் பிறப்பு

‘இன்காக்னிட்டோ’ ஆங்கிலத்திற்கு உரிய சொல் அன்று. கி.பி. பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலிய மொழியிலிருந்து கடனாகப் பெறப்பட்டது. இத்தாலியச் சொல்லுக்கு மூலம் ‘இன்காக்னிடுஸ்’ என்னும் இலத்தீன் சொல். ‘அறியப்படாதது’ என்பது அதன் பொருள். ‘இன்’ என்பது எதிர்மறை முன்னொட்டு. எஞ்சிய பகுதி ‘அறிதல்’ எனப் பொருள்படும் ‘காக்னோசரே’ என்னும் வினையிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்தில் இச்சொல் நெடுநாள் தன் இத்தாலிய இயல்பை இழவாதிருந்தது. பெண்ணைக் குறிக்குமிடத்து ‘இன்காக்னிட்டா’ எனப் பெண்பால் ஈறு பெற்றும் வழங்கியது. வில்லியம் காங்கிரீவ் 1692இல் வெளியிட்ட புதினத்தின் பெயர் ‘இன்காக்னிட்டா’ என்பதாகும். பின்னர்ப் பேச்சுவழக்கில் ‘இன்காக்’ எனக் குறுகியும் நின்றது.

இச்சொல்லின் உறவு இலத்தீனோடு முடிவதில்லை. இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தில் ‘அறிதல்’ எனப் பொருள்படும் ஒரு தொல்வேரே இலத்தீனில் ‘க்னோ’ எனவும், ஆங்கிலத்தில் ‘நோ’ என ஒலிக்கும் வினையாகவும், வடமொழியில் ‘ஜ்ஞா’ எனவும் கிளைத்தது. இலத்தீனின் ‘இன்’, வடமொழியின் ‘அ’, ஆங்கிலத்தின் ‘அன்’ ஆகிய எதிர்மறை முன்னொட்டுகளும் ஒரு மூலத்தனவே. ஆதலின், வடமொழியில் ‘அஜ்ஞாதம்’ எனவும் தமிழில் ‘அஞ்ஞாதம்’ எனவும் வழங்கும் சொல், இலத்தீன் சொல்லோடு வேரானும் முன்னொட்டானும் உடன்பிறந்ததாகும். பாண்டவர் விராடன் நகரில் மறைந்து வாழ்ந்த ஓர் ஆண்டை ‘அஞ்ஞாதவாசம்’ என நாம் வழங்குகிறோம். ‘இன்காக்னிட்டோ’வின் தங்கையை நாம் இத்தாலியின் பெயரறியா முன்பே நம் கதைகளிற் பயின்றிருக்கின்றோம் என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆங்கிலத்திலும் இவ்வேரிலிருந்து கிளைத்த சொற்கள் வேறு வேறு வழிகளிற் சென்றன. ‘பண்பற்ற, முரட்டுத்தனமான’ என இன்று பொருள்படும் ‘அன்கூத்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘அறியப்படாதது’ என்றே பொருள்பட்டது. அறியாதவர் அயலார் ஆயினர். அயலார் பண்பிலார் ஆயினர். ‘அறியப்பட்டது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லோ, பிரெஞ்சு வழியாகச் சென்று, ‘பழமையழகு வாய்ந்த விந்தையானது’ எனப் பொருள்படும் ‘குவெயின்ட்’ ஆயிற்று. அறிதல் வேரிலிருந்தே பிறந்த ‘காக்னிசன்ஸ்’ என்னும் சொல், பெருங்குடியினரின் ஏவலரும் வீரரும் இன்னார் என அறியப்படுதற்கு அணிந்த அடையாளச் சின்னத்தையும் குறித்தது. இவ்வொன்றை நினைவிற் கொள்க. கட்டுரையின் இறுதியில் இது நமக்குப் பயன்படும்.

வேடமும் அறிவும்

மாறுவேடத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் உள்ள சொல் ‘டிஸ்கைஸ்’ என்பது. இது பழம்பிரெஞ்சிலிருந்து வந்தது. ‘கைஸ்’ என்பது தோற்றம், உடை, முறை ஆகியவற்றைக் குறிக்கும். அதனை விலக்குதல் அல்லது மாற்றுதலே ‘டிஸ்கைஸ்’. எனவே, இச்சொல் வேடத்திற் பிறந்தது. இதற்கு ‘மாறுவேடம்’ என்னும் தமிழ்ச்சொல் சாலப் பொருந்தும். ‘இன்காக்னிட்டோ’வோ அறிவிற் பிறந்தது. முன்னது மறைவோன் தன் உடலின்மேற் செய்துகொள்ளும் தொழில். பின்னது காண்போன் கொள்ளும் நிலை. காண்போன் ஒருவனை அறிந்தானா இல்லையா, அறிந்தும் அறிந்ததாகக் காட்டினானா இல்லையா என்பதே அதன் உட்கிடை.

இவ்வேறுபாட்டினை ஒரே பயணத்திற் காட்டுவது 1623ஆம் ஆண்டின் நிகழ்ச்சி. இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸின் மகனாகிய இளவரசர் சார்லஸ், ஸ்பெயின் அரசகுமாரியை மணக்க விரும்பி, பக்கிங்காம் பிரபுவுடன் மாட்ரிட் நகருக்குப் புறப்பட்டார். இருவரும் பொய்த்தாடி ஒட்டிக்கொண்டு, ‘ஜான் ஸ்மித்’, ‘தாமஸ் ஸ்மித்’ என்னும் எளிய பெயர்களைப் புனைந்து சென்றனர். வழியில் ஐயுற்றோர் அவர்களைத் தடுத்தனர். பக்கிங்காம் தம்மை வெளிப்படுத்தியே விடுபட நேர்ந்தது. இஃது உண்மையான மாறுவேடம். காண்போர் அறியின் காரியம் கெடும்.

மாட்ரிட்டை அடைந்து ஆங்கிலத் தூதரின் இல்லத்தில் தங்கிய பின்னர் நிலை மாறியது. இளவரசர் வந்துள்ளார் என்பது ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்புக்குத் தெரியும். தமக்குத் தெரியும் என்பதை இளவரசரும் அறிவார். அரச குடும்பத்தினர் வண்டிகளில் உலாப்போந்தபோது சார்லஸ் வேறொரு வண்டியில் இருந்து அவர்களைக் கண்டார். எனினும், முறைப்படி நகர் புகும் விழா நடைபெறும் வரை, அவர் அங்கு இல்லாதவர் போலவே கருதப்பட்டார். தாடி நீங்கிய பின்னரும் நீங்காத இம்மறைவே ‘இன்காக்னிட்டோ’. ஒரு பயணத்தின் முற்பகுதியை மாறுவேடம் என்றும், பிற்பகுதியையும் மாறுவேடம் என்றும் எழுதின், தாடி கட்டிய இளவரசர் மாட்ரிட் வீதியிலும் தாடியோடு இருந்தார் என மாணவர் மயங்குவர்.

இத்தகையதோர் ஏற்பாடு ஏன் வேண்டப்பட்டது? அக்கால அரசர் ஒருவர் பிறநாட்டிற் கால்வைப்பின், பீரங்கி மரியாதை, எதிர்கொள்ளல், வரிசை, முற்படு இருக்கை, மறுவருகை என எண்ணற்ற சடங்குகள் தொடர்ந்தன. எவர் முன்னே செல்வது, எவர் எத்தனை படி இறங்கி வரவேற்பது என்பன நாடுகளின் மானத்தைத் தொட்ட வழக்குகள். சடங்கு தவிர்ந்தால் விருந்தினர்க்குப் பொழுதும் விருந்தளிப்போர்க்குப் பொருளும் மிஞ்சும். முறை தவறிய பூசலும் எழாது. அரசர் நிலையை ஒருசார் ஒதுக்கிவைக்க இருவரும் உடன்படுவதே இதன் உயிர்நிலை.

ரிகா நகரில் நேர்ந்தது

இவ்வுடன்பாடு பிழைபட்டமையால் விளைந்த தீங்கிற்கு உருசியப் பேரரசர் முதலாம் பீட்டரின் வரலாறு சான்று. 1697ஆம் ஆண்டு அவர் தம் பெருந்தூதுக்குழுவை மேற்கு ஐரோப்பாவிற்கு அனுப்பினார். அக்குழுவினுள் ‘பியோத்தர் மிகைலோவ்’ என்னும் பெயரோடு தாமும் ஒருவராய்ச் சேர்ந்து சென்றார். ஆறரை அடிக்கு மேற்பட்ட உயரம் உடைய அவர் எவ்வேடம் புனைந்தாலும் மறைந்திருத்தல் அரிது. ஹாலந்து நாட்டின் சாண்டம் என்னும் ஊரில் கப்பல் கட்டும் தொழிலாளருள் ஒருவராய் இருக்க முயன்றபோது, மக்கள் திரள் அவரைச் சூழ்ந்துகொண்டது. சில நாளிலேயே அவ்வூரை நீங்கி ஆம்ஸ்டர்டாம் சென்றார்.

அதற்கு முன்னரே தூதுக்குழு, சுவீடன் ஆட்சியின்கீழ் இருந்த ரிகா நகரை அடைந்திருந்தது. பீட்டர் அந்நகரின் கோட்டை அரண்களை உற்று நோக்கி ஆராயத் தொடங்கினார். காவலர் அவரைத் தடுத்தனர். ஆளுநராகிய டால்பெர்க் அரசர்க்குரிய சிறப்பு ஒன்றும் செய்திலர். வந்திருப்பவர் அரசர் என்பது வெளிப்படையாக அறிவிக்கப்படாத நிலையில், அவரை அரசராகப் போற்றுதல் அவர் விருப்பத்திற்கே மாறாகும் என்பது ஆளுநர் தரப்பு நியாயம். அயல்நாட்டார் ஒருவர் கோட்டையை அளக்கப் புகின் காவலர் தடுத்தலும் இயல்பே. பீட்டரோ இதனைத் தமக்கு நேர்ந்த பெரும் இழிவாகக் கொண்டார். 1700ஆம் ஆண்டு அவர் சுவீடன்மீது போர் அறிவித்தபோது, காட்டிய காரணங்களுள் ரிகாவில் நேர்ந்த அவமதிப்பும் ஒன்றாயிற்று. 1709இல் ரிகா முற்றுகையிடப்பட்டபோது முதற் குண்டுகளை அவர் தம் கையாலேயே எறிந்தார். 1710இல் அந்நகர் வீழ்ந்தது.

போருக்கு உண்மைக் காரணம் பால்டிக் கடற்கரையைப் பெறும் வேட்கையே என்பதில் ஐயமில்லை. எனினும், ரிகா நிகழ்ச்சி ஒரு காரணமாகக் காட்டப்பட்டது எங்ஙனம் என்பதை விளக்க வேண்டுவது வரலாற்றாசிரியர் கடன். ‘பீட்டர் மாறுவேடத்தில் ரிகா சென்றார், அவருக்கு மரியாதை செய்யப்படவில்லை, ஆதலின் சினந்தார்’ என எழுதின், படிப்போர் நகைப்பர். மாறுவேடம் புனைந்தவன், தன்னை அறிந்து வணங்கவில்லை என வருந்துதல் பொருந்துமோ? அறிந்தும் அறியாதார் போல் இருத்தல் என்னும் வழக்கை உணர்ந்தாற்றான் இருவர் நிலையும் விளங்கும். ஆளுநர் அவ்வழக்கின் எழுத்தைப் போற்றினார். பேரரசர், சடங்கு ஒழியினும் உள்ளார்ந்த மதிப்பு ஒழியாது என எதிர்பார்த்தார். ஒரு சொல்லின் பொருளெல்லையில் எழுந்த பூசல் இது.

பொய்யல்லாப் பெயர்கள்

இவ்வாறு சென்றோர் பூண்ட பெயர்களும் ஆராயத்தக்கன. ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ஜோசப், 1777இல் தம் தங்கையும் பிரான்சு நாட்டரசியுமாகிய மரீ அந்துவானெத்தைக் காணச் சென்றபோது ‘பால்கன்ஸ்டைன் பிரபு’ எனச் சென்றார். வெர்சேல்ஸ் அரண்மனையில் தங்க இசையாது விடுதியிற் தங்கினார். வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு, 1860இல் அமெரிக்க ஐக்கிய நாட்டிற் சுற்றியபோது ‘ரென்பிரு பிரபு’ ஆனார். விக்டோரியா அரசியார் ஐரோப்பியப் பயணங்களில் ‘பல்மோரல் சீமாட்டி’ என வழங்கப்பெற்றார்.

பால்கன்ஸ்டைன் பிரபு என்பது ஜோசப்பிற்கு உரிமையான பட்டங்களுள் ஒன்று. ரென்பிரு என்பதும் ஸ்காட்லாந்து அரியணை வழித்தோன்றலுக்கு உரிய பட்டமே. பல்மோரல், விக்டோரியாவின் சொந்த மாளிகை அமைந்த இடம். ஆகவே, இவர்கள் பொய்ப்பெயர் புனைந்தாரல்லர். தமக்குரிய பல பெயர்களுள் பெரியதை மடித்துவைத்துச் சிறியதை எடுத்து உடுத்தனர். எவரையும் ஏமாற்றும் எண்ணம் இதில் இல்லை. பல்மோரல் சீமாட்டி யார் என்பது வண்டியோட்டிக்கும் தெரிந்ததே.

பெயர் மாறினும் நிலை அழிவதில்லை என்பதை ஆங்கில நீதிமன்றமே ஒரு வழக்கில் உறுதி செய்தது. ஜொகூர் சுல்தான் அபூபக்கர் இங்கிலாந்தில் ‘ஆல்பர்ட் பேக்கர்’ என்னும் பெயரோடு தங்கியிருந்தார். மணப்பதாக வாக்களித்துத் தவறினார் என ஒரு பெண்மணி அவர்மேல் வழக்குத் தொடுத்தார். தனிமனிதர் போலப் பெயர் பூண்டு வாழ்ந்தமையால், தன்னாட்சி மன்னருக்குரிய வழக்குவிலக்கினை அவர் கைவிட்டவர் ஆவார் என்பது வாதம். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. 1894ஆம் ஆண்டின் சட்ட அறிக்கையில் இடம்பெற்ற இத்தீர்ப்பின்படி, பெயர் மறைத்தமையால் அரசுரிமை மறைந்துவிடாது. நீதிமன்றத்திற்குத் தாமே உடன்பட்டாலன்றி அவர்மேல் வழக்கு நில்லாது. அப்பெண்மணிக்கு இத்தீர்ப்பு நியாயமாய்த் தோன்றியிருக்குமோ என்பது வேறு வினா. சுல்தான் நினைத்தபோது ஆல்பர்ட் பேக்கர் ஆகலாம். நினைத்தபோது சுல்தானும் ஆகலாம். எளியார்க்கு இவ்விரட்டை உரிமை இல்லை. ‘இன்காக்னிட்டோ’ என்பது நிலையுடையார்க்கே உரிய ஆடை என்பதை இவ்வழக்கு நன்கு புலப்படுத்துகிறது.

உடன்பாட்டில் நிற்கும் இம்மறைவு, உடன்படாதார் ஒருவர் குறுக்கிடின் நிலைபெறாது. ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் ‘ஹோஹெனெம்ஸ் சீமாட்டி’ என்னும் பெயரோடு 1898இல் ஜெனீவாவில் தங்கினார். அவர் யார் என்பதைச் செய்தித்தாள் வெளியிட்டுவிட்டது. செப்டம்பர் 10ஆம் நாள், கப்பலேறச் செல்லும் வழியில், அரச குலத்தவர் ஒருவரைக் கொல்லக் காத்திருந்தவனால் குத்துண்டு இறந்தார். அவரைக் காத்தது வேடமாயிருந்திருப்பின் செய்தித்தாள் எளிதில் வென்றிராது. அவரைச் சூழ்ந்திருந்தது பிறருடைய நாகரிகம் ஒன்றே. அது மெல்லிய திரை.

தமிழ்மரபும் இச்சொல்லும்

இனி, உடன்பிறந்த சொல்லாகிய அஞ்ஞாதத்தை ஒப்புநோக்குவோம். பாண்டவர் பன்னீராண்டு காட்டில் வாழ்ந்து, பதின்மூன்றாம் ஆண்டை எவரும் அறியாதவாறு கழித்தல் வேண்டும். அறியப்பட்டால் மீண்டும் பன்னீராண்டு காடுறைதல் வேண்டும். தருமன் கங்கன் எனவும், திரௌபதி சைரந்திரி எனவும் விராடன் அரண்மனையிற் பணிபுரிந்தனர். அங்கே விராடன் உண்மையாகவே அறியான். துரியோதனன் ஒற்றர் தேடித் திரிந்தனர். வேர் ஒன்றாயினும் வழக்கு வேறாயிற்று. அஞ்ஞாதவாசம் அறியப்படின் அழிவது. ‘இன்காக்னிட்டோ’ அறியப்பட்டும் அழியாதது.

சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் மதுராபதி கூறும் பொற்கைப் பாண்டியன் வரலாறும் இவ்வாறே. இரவிற் காவல் புரிந்த மன்னன் கீரந்தை மனையின் கதவைத் தட்டினான். பின்னர்த் தன் செயலுக்கு நாணித் தன் கையைத் தானே குறைத்தான். உள்ளிருந்தோர், தட்டியவன் அரசன் என அறியார். ‘ஒற்றாடல்’ அதிகாரத்தில் வள்ளுவர் கூறும் துறவியர் வடிவு பூண்ட ஒற்றரும் அறியப்படாமையையே நாடுவர். இவையெல்லாம் கரத்தலின் வகைகளே. ஆயின், ‘இன்காக்னிட்டோ’விற்கு நேராவன அல்ல.

அறிந்தும் பெயர் கூறாமை என்னும் நெறி தமிழில் இல்லையோ எனின், உண்டு. அது அரசியலில் அன்று, இலக்கியத்தில் உண்டு. அகத்திணைக்கண் தலைமக்களைச் சுட்டிப் பெயர் கூறலாகாது எனத் தொல்காப்பியம் விதிக்கிறது. புலவனும் கேட்போனும் உள்ளத்தில் ஒருவனை நினைப்பினும், பெயர் நாவில் எழலாகாது. எழுந்த கணமே பாட்டு அகத்தினின்று புறத்திற்கு இறங்கும். நெடுநல்வாடையில் தலைவன் பெயர் யாண்டும் இல்லை. பிரிவுத் துயருற்ற தலைவியும் பாசறையில் உறங்காத் தலைவனுமே உள்ளனர். எனினும், அங்குக் கூறப்படும் வேல் வேப்பந்தார் சூடியது. வேம்பு பாண்டியர்க்குரிய பூ. இவ்வோர் அடையாளத்தால் பாட்டு புறமாயிற்று என நச்சினார்க்கினியர் முடிவு செய்தார். மேலே ‘காக்னிசன்ஸ்’ எனக் கண்ட அடையாளச் சின்னத்தின் பணியையே இவ்வேம்பு செய்தது. பெயர் மறைந்தது, பூ அறிவித்தது.

இவ்விரு மரபிற்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டெனக் கூறுதல் நம் கருத்தன்று. ஐரோப்பிய வழக்கு சடங்கைத் தவிர்க்க எழுந்தது. நம் மரபு அன்பின் ஐந்திணையை எல்லார்க்கும் பொதுவாக்க எழுந்தது. ஆனால், அறிதல் வேறு, அறிந்ததை வெளிப்படக் கூறல் வேறு என்னும் நுண்மையைத் தமிழ்ப் புலவர் நன்கு உணர்ந்திருந்தனர். அந்நுண்மையை உணர்ந்த மொழி, ‘இன்காக்னிட்டோ’வை மாறுவேடத்துள் அடக்கி அமைதியுறுதல் வேண்டா.

ஆகவே, மூன்று கருத்துகளுக்கு மூன்று சொற்களை வரையறுத்துக் கொள்ளலாம் என்பது நம் துணிபு. தோற்றத்தை மாற்றுதல் ‘மாறுவேடம்’. எவரும் அறியாதவாறு வாழ்தல் ‘கரந்துறைதல்’. இஃது அஞ்ஞாதவாசத்திற்கு நேர். தன் உயர்நிலையை ஒதுக்கி, பிறர் அறிந்தும் அறியார் போல் ஒழுக உடன்பட்டுச் செல்லுதல் ‘நிலைகரத்தல்’. ‘பேரரசர் நிலைகரந்து ரிகா நகரை அடைந்தார்’ என எழுதின், ஆளுநரின் ஒழுக்கமும் பேரரசரின் சினமும் ஒருங்கே விளங்கும்.

இவ்வரையறை பழவரலாற்றிற்கு மட்டும் பயன்படுவதன்று. 2008இல் கூகுள் நிறுவனம் வெளியிட்ட குரோம் உலாவியில் ஒரு முறைக்கு ‘இன்காக்னிட்டோ’ எனப் பெயரிட்டனர். அம்முறையிற் படித்தவை அக்கணினியின் நினைவில் தங்கா. ஆயின், படிக்கப்படும் தளங்கள் படிப்போரை அறியாதிருக்கும் என்பது உறுதியன்று. முற்றும் மறைந்தோம் எனப் பலர் நம்பினர். இது குறித்து 2020இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2024இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி, திரட்டிய பதிவுகளை நீக்க அந்நிறுவனம் இசைந்தது. அச்சொல்லின் வரலாற்றை அறிந்தோர் இவ்வாறு மயங்கியிரார். வீட்டார் அறியார், ஊரார் அறிவர், அறிந்தும் கூறாதிருப்பர் என்பது ஒன்றே அச்சொல் என்றும் அளித்து வந்த உறுதி. கூறாதிருக்க உடன்பட்டவர் எவர், எதுவரை உடன்பட்டார் என வினவுதல் பயன்படுத்துவோர் கடமை.

சொல்லைப் பெயர்ப்போர் அதன் அகராதிப் பொருளோடு அதன் பின்நிற்கும் வழக்கையும் பெயர்த்தல் வேண்டும். ரிகா ஆளுநர்க்கும் ஜெனீவாவில் மாண்ட பேரரசிக்கும் அவ்வழக்கு வெறும் சொல்லாராய்ச்சியாய் இருந்ததில்லை என்பதை நாம் மறத்தலாகாது.